அடம்பிடிக்கும் பூனையோடு குடித்தனம் நடத்துவது எப்படி

விடிகாலை 4.45 மணிக்கு எங்கள் வீட்டில் பேனா மூடி கீழே விழும். நான் அசையவில்லை என்றால் அடுத்தது பேனா. அப்புறம் அழிரப்பர், மூக்குக்கண்ணாடிக் கூடு, கடைசியாகத் தண்ணீர் டம்ளர். கனம் குறைந்ததில் தொடங்கிக் கனமானதில் முடிப்பது என்று ஒரு முறை வைத்திருந்தான். ஒவ்வொன்றையும் முன்னங்காலால் மேசை விளிம்புவரை நகர்த்துவான், நிறுத்துவான், என்னைப் பார்ப்பான், தள்ளுவான். விழுந்த பொருளை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பார்வை முழுக்க என் கண்ணிமை மேல்தான்.

பெயர் குண்டூசி. வந்தபோது எலும்பும் தோலுமாக ஊசி மாதிரி இருந்தான். இப்போது 5 கிலோ 200 கிராம். ஊசி போய்க் குண்டு மட்டும் மிச்சம். சாம்பல் நிறம், நாலு காலிலும் வெள்ளைக் காலுறை, ஆறு வயது, ஆண், கருத்தடை ஆனவன். நான் மெய்ப்புத் திருத்துகிறவள். பூனையை ‘அவன்’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால் சிவப்பு மையால் சுழித்து ‘அது’ என்று மாற்றுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் வீட்டில் மட்டும் அந்த இலக்கணம் செல்லுபடியாவதில்லை.

இந்த ஆறு வருடத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். பூனை கேட்பதில் முக்கால்வாசி நியாயமானது. சாப்பாடு கேட்கும், விளையாட்டுக் கேட்கும், கதகதப்பாகப் படுக்க ஓர் இடம் கேட்கும். கேட்கிற விதம்தான் உயிரை வாங்குகிறது, அந்த விதத்தைச் சொல்லிக்கொடுத்தது நாம்தான். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ என்று கத்திக்கொள்வது அபூர்வம். குட்டிதான் தாயைப் பார்த்துக் கத்தும். பெரிதான பிறகும் அந்தக் கத்தலை வைத்துக்கொள்வது மனிதர்களிடம் அது பலிப்பதால். ஆகவே, கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கத்திக் கேட்கும்போது கையை அசைக்கக் கூடாது. சொல்ல எளிது. எனக்குப் படிய ஏழு மாதம் ஆனது.

முதல் வாரம்: எழுதுங்கள், வேறொன்றும் செய்யாதீர்கள்

ஒரு நோட்டு எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். மணி, பூனை என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள். எதையும் மாற்ற வேண்டாம். என் பழைய நோட்டிலிருந்து ஒரு காலைப்பொழுது:

4.45 – டம்ளர். எழுந்துபோய் ஒரு பிடி தீனி போட்டேன்.
7.20 – குளியலறைக் கதவுக்கு வெளியே ஓலம். கதவைத் திறந்தேன். உள்ளே வரவில்லை.
9.10 – 42ஆம் பக்கத்தின் மேல் உட்கார்ந்தான். பக்கத்தை உருவினேன். கடித்தான். தடவிக்கொடுத்தேன்.
9.40 – ஓலம். ‘என்னடா’ என்றேன். போய்விட்டான்.

இப்போது மூன்றாவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். தள்ளினால் தீனி, அழுதால் கதவு, கடித்தால் தடவல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது 9.40தான். ‘என்னடா’ என்ற அந்த ஒற்றைச் சொல் அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. சும்மா நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். திட்டுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். நாள் முழுக்கச் சலித்துக் கிடக்கும் பூனைக்கு, ஆறடி உருவம் ஒன்று திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்துவது நல்ல வேடிக்கை.

நோட்டு வைத்திருப்பதில் இன்னொரு பலன் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்புகளில் ஒன்று அந்த இடத்தில்தான் வருகிறது.

விடிகாலைக் கச்சேரியை நிறுத்த

பூனை இரவெல்லாம் விழித்திருக்கும் என்பது பாதிதான் உண்மை. விடியலும் அந்தியும்தான் அது சுறுசுறுப்பாக இருக்கும் பொழுதுகள். ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கிவிட்டு, நாம் அசந்து தூங்கும் அந்த ஒரு நேரத்தில் வேட்டைக்குக் கிளம்பும். வேட்டையாடும், சாப்பிடும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், தூங்கும். இந்தச் சுற்றை மாற்ற முடியாது. ஆனால் நகர்த்த முடியும்.

இரவு 10 மணிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மூச்சிரைக்க விளையாட விடுங்கள். முடிந்த கையோடு அன்றைய சாப்பாட்டில் பெரிய பங்கைப் போடுங்கள். அது முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்துவிடலாம். வெறும் வயிற்றோடு படுக்கப்போன பூனையிடம் காலைவரை பொறு என்று சொல்வது நடக்கிற காரியமில்லை; அதன் வயிறு சிறியது, சின்னச் சின்ன இரையாகப் பல வேளை சாப்பிடப் பிறந்தது.

அடுத்து, நேரம் வைத்தால் தானே திறக்கும் தீனிப் பெட்டி ஒன்று வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலரும் தவறவிடுவது. பூனை எழுப்பும் நேரத்துக்குப் பெட்டியை வைக்காதீர்கள். அதற்குக் கால் மணி முன்னால் வையுங்கள். குண்டூசியின் நேரம் 4.45, பெட்டி 4.30க்குத் திறந்தது. கேட்கும் முன்பே சாப்பாடு வந்துவிட்டதால் பேனா மூடிக்கு அன்று வேலை இல்லாமல் போனது. ஒரு வாரத்தில் அவன் என் தலைமாட்டை விட்டுப் பெட்டிக்கு எதிரில் போய்க் காவல் இருக்கத் தொடங்கினான். அப்புறம் மூன்று நாளுக்கு ஒருமுறை பத்துப் பத்து நிமிடமாகத் தள்ளி 6 மணிக்குக் கொண்டுவந்தேன். ஒரே நாளில் 6 மணிக்கு மாற்றினால் பழைய கதைதான்.

நீங்கள் எழுந்ததும் நேராகக் கிண்ணத்துக்குப் போகாதீர்கள். பல் தேயுங்கள், ஜன்னலைத் திறங்கள், ஏதாவது செய்யுங்கள். நீங்கள் கண் விழிப்பதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகப் பூனைக்குத் தெரிந்துவிட்டால், கண் விழிக்க வைப்பது அதன் வேலையாகிவிடும்.

பெட்டி இல்லாமல், வெறுமனே எழுந்திருக்காமலே கிடந்து பழக்கலாமா? பழக்கலாம். முதலில் நான் அதைத்தான் செய்தேன். ஆனால் கத்தலுக்குப் பதில் கிடைக்காமல் போனால் அது உடனே குறையாது, முதலில் கூடும். சுவிட்சைத் தட்டி விளக்கு எரியவில்லை என்றால் நாம் மட்டும் சும்மா போய்விடுகிறோமா? நாலு தரம் பலமாகத் தட்டிப் பார்ப்போம். குண்டூசி டம்ளரில் தொடங்கிப் பூந்தொட்டிவரை முன்னேறினான். எட்டு நாள் தாக்குப்பிடித்தேன். ஒன்பதாம் நாள், மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய 180 பக்கத்தை முடித்துவிட்டு 2 மணிக்குத்தான் படுத்திருந்தேன். எழுந்து போட்டுவிட்டேன். ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும் என்று சும்மாவா சொன்னார்கள்? எட்டு நாள் கிடைக்காமல் ஒன்பதாம் நாள் கிடைத்தால், அது கற்றுக்கொள்வது ‘இன்னும் ஒரு நாள் கூடுதலாக முயன்றால் கிடைக்கும்’ என்பதைத்தான். தினமும் போட்டிருந்தால்கூட இவ்வளவு கெட்டிப்பட்டிருக்காது. விட்டுக்கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் முதல் நாளே விட்டுக்கொடுங்கள். இல்லையேல் தொடங்காதீர்கள்.

தலைமாட்டு மேசையைக் காலியாக வைப்பது எப்படியும் நல்லது. இது எனக்கு உறைக்க நாலு மாதம் ஆனது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் இன்னொருவர் இருந்தால்

அங்கேதான் திட்டம் ஓட்டையாகும். எங்கள் வீட்டில் அம்மா. நான் கதவைச் சாத்திக்கொண்டு வைராக்கியமாக இருக்கும்போது கூடத்தில் டப்பா திறக்கும் சத்தம் கேட்கும். கேட்டால், “வாயில்லா ஜீவன்டி, பாவம் கேக்குது” என்பாள். வீட்டிலேயே பெரிய வாய் அதற்குத்தான் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

சண்டை போட்டுப் பயனில்லை. அம்மாவுக்கு ஒரு பதவி கொடுத்தேன். காலையில் நான் சமையலறைத் தராசில் 55 கிராம் உலர் தீனி நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவேன் (குண்டூசிக்கு மருத்துவர் சொன்ன அளவு அது, உங்கள் பூனைக்கு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், தீனிக்குத் தீனி கணக்கு வேறுபடும்). அதில் ஒரு பங்கு தானியங்கிப் பெட்டிக்கு. மிச்சம் முழுக்க அம்மா பொறுப்பு. எத்தனை தடவையாகவும் போடலாம், எப்போது வேண்டுமானாலும் போடலாம், டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். கத்தும்போது மட்டும் போடக் கூடாது. வாயை மூடிப் பத்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். முதல் வாரம் அம்மா சத்தமாக எண்ணினாள். பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தோம்: அவள் ‘ஒன்று’ என்றதுமே குண்டூசி கப்சிப்பென்று உட்காருகிறான். நான் மாதக்கணக்கில் நோட்டுப் போட்டுச் சாதிக்காததை அவள் எண்ணியே சாதித்துவிட்டாள்.

மனம் இளகுவதற்கு அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. 2009இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் குழு, சாப்பாடு கேட்கும்போது பூனை எழுப்பும் குர்குர் ஓசையைப் பதிவு செய்து ஆராய்ந்தது. வழக்கமான தாழ்ந்த ஒலிக்கு நடுவே, அழுகை போன்ற உயர்ந்த ஒலி ஒன்று ஒளிந்திருக்கிறது. அதன் சுருதி மனிதக் குழந்தையின் அழுகையை ஒத்தது. பூனையே வளர்க்காதவர்கள்கூட அதைக் கேட்டு, இது அவசரம் என்றார்கள். மடியில் படுத்திருக்கும்போது வரும் குர்குரையும் கிண்ணத்தின் அருகே வரும் குர்குரையும் கண்ணை மூடிக்கொண்டு ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அப்புறம் இரண்டும் ஒன்றாகக் கேட்காது.

இன்னொன்று. தீனியை ஓட்டை போட்ட டப்பாவில் வைத்து உருட்டி எடுத்துச் சாப்பிட வைத்தால் பொழுதும் போகும், அள்ளி விழுங்குவதும் குறையும் என்பார்கள். போகும்தான். ஆனால் கலிஃபோர்னியாவில் 17 பூனைகளை வைத்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், புதிர் டப்பாவும் திறந்த தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது பூனைகள் பெரும்பாலும் தட்டுக்கே போயின. ஓநாய், எலி, குரங்கு எல்லாம் உழைத்துச் சாப்பிட விரும்புமாம். பூனைக்கு அந்தக் குணம் இல்லை. அதனால் டப்பா வைப்பதானால் தட்டை எடுத்துவிட்டு வையுங்கள்.

விளையாட்டு: நீங்கள்தான் எலி

பந்தை வாங்கிப் போட்டுவிட்டு ‘பூனை விளையாட மாட்டேன் என்கிறது’ என்று சொல்கிறவர்கள் அதிகம். கிடக்கிற பந்து செத்த எலி. அதில் என்ன இருக்கிறது?

நுனியில் இறகு கட்டிய கோல் ஒன்று போதும். இறகைப் பூனையின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் ஆட்டாதீர்கள். தன்னைத் தின்னப் போகிறதை நோக்கி வருகிற இரை உலகத்தில் கிடையாது. பூனையை விட்டு விலகிப் போக வேண்டும். சுவரோரமாக இழுங்கள், நிறுத்துங்கள். நாற்காலிக் காலுக்குப் பின்னால் மறையுங்கள், நுனி மட்டும் தெரியட்டும். லேசாக நடுங்கட்டும். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். குண்டூசியின் கண் கறுத்து விரியும், முகவாய் தரையைத் தொடும், பின்பக்கம் இரண்டு மூன்று முறை இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டம் வந்ததும் இறகை விருட்டென்று இழுங்கள். பாய்ந்து பிடிக்கும். பிடித்ததை உடனே பிடுங்காதீர்கள். பின்னங்காலால் உதைத்துக் கடித்துக் கொன்று முடிக்கட்டும். பத்து நிமிடத்தில் ஐந்தாறு தடவையாவது பிடிபட வேண்டும். கடைசிப் பிடியோடு ஆட்டத்தை முடித்துச் சாப்பாடு போடுங்கள்.

சிவப்பு ஒளிப்புள்ளி காட்டும் லேசர் கருவி சோம்பேறிகளுக்கு வசதி. நானும் வைத்திருந்தேன். அதை எவ்வளவு துரத்தினாலும் கைக்கு ஒன்றும் சிக்காது; ஆட்டம் முடிந்து அரை மணி நேரம் குண்டூசி சுவரையே வெறித்துக்கொண்டிருப்பான். பயன்படுத்தினால் கடைசியில் புள்ளியை ஒரு பொம்மை மேலோ ஒரு துண்டுத் தீனி மேலோ கொண்டுபோய் நிறுத்துங்கள். கண்ணில் அடிக்காதீர்கள்.

கோலை ஆட்டம் முடிந்ததும் அலமாரியில் பூட்டுங்கள். நூல், ரப்பர் வளையம், ரிப்பன் எதையும் தனியாக விடக் கூடாது. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. நூல் நாக்கில் மாட்டினால் துப்பத் தெரியாமல் விழுங்கிக்கொண்டே போகும். குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள். அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேட்னிப் இலை பற்றியும் கேட்பார்கள். அதிலுள்ள நெபெடலாக்டோன் என்னும் பொருளுக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைகள்தான் மயங்கும். அது பிறவியிலேயே வருவது. தமிழில் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. அதன் வேரிடம் பூனைகள் கிறங்கி நிற்பதைப் பார்த்தவர்கள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். கேட்னிப்பை முகர்ந்த குண்டூசி ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

வேலை மேசை

காகிதத்தின் மேல் பூனை உட்காருவது நம்மைச் சீண்டுவதற்காக மட்டுமில்லை. நமக்கு இதமான அறை அதற்குக் கொஞ்சம் குளிர்தான். உடம்பு சிரமப்படாமல் இருக்க அதற்கு ஏறக்குறைய 30 டிகிரி செல்சியசாவது வேண்டும். மேசை விளக்கின் கீழ் இருக்கும் தாள், ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினி, இரண்டும் அதற்குக் கணப்பு. நம் கண்ணும் அங்கேதான் இருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு லாபம்.

என் ஏற்பாடு: விளக்கின் வெளிச்சம் விழும் இடது மூலையில் ஓர் அட்டைப்பெட்டி, அதில் பழைய கம்பளித் துணி. உட்கார்ந்தால் என் முழங்கை அவன் முதுகில் படும் தூரம். நான் நாற்காலியில் உட்காரும் முன்பே பெட்டிக்குள் இரண்டு துண்டுத் தீனி போட்டுவிடுவேன். அவன் தாளுக்கு வந்தால் ஒன்றும் பேசாமல், முகத்தைப் பார்க்காமல், நான் எழுந்து ஐந்து நிமிடம் வெளியே போய்விடுவேன். அவனைத் தூக்கிப் பெட்டியில் வைத்தால் அதுவும் ஒரு விளையாட்டாகிவிடும். அட்டைப்பெட்டி அழகாக இல்லையே என்று மெத்தை வாங்கிப் போட்டேன். மெத்தை வந்த உறையில் படுத்துக்கொண்டான்.

பூனை தாளைத் தொட்டால் கெட்டதுதான் நடக்கும் என்றில்லை. 1975இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன் ஒரு கட்டுரை முழுவதையும் ‘நாங்கள்’ என்றே எழுதிவிட்டார். எழுதியவர் ஒருவர்தான், அப்படியென்றால் அந்த ஆய்விதழ் ‘நாங்கள்’ என்பதை ஏற்காது என்று நண்பர் எச்சரித்தார். தட்டச்சுக் காலம், முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். அவர் தன் சயாமியப் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லர்ட் என்ற பெயரில் இணை ஆசிரியராகச் சேர்த்து அனுப்பிவிட்டார். கட்டுரை வெளிவந்தது. மெய்ப்புத் திருத்துகிறவளாக எனக்கு இதைவிட நிறைவான தீர்வு தெரியாது.

சோபாவும் நகமும்

நகத்தால் பிறாண்டுவதை நிறுத்த முடியாது, இடம் மாற்றலாம். பிறாண்டும்போது நகத்தின் பழைய மேல்கூடு கழன்று விழும் (பிறை வடிவில் தரையில் கிடக்கும், பார்த்திருப்பீர்கள்), முதுகும் தோளும் நீண்டு கொடுக்கும், பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனை அங்கே ஒட்டும். இந்த வாசனைக்காகத்தான் மூலையில் ஒளித்து வைத்த தூணைச் சீண்டாமல், நீங்கள் தினமும் உட்காரும் சோபாவைத் தேர்ந்தெடுக்கிறது.

முரட்டுக் கயிறு சுற்றிய தூண், குறைந்தது 80 அல்லது 90 செ.மீ. உயரம், பூனை முழு எடையைப் போட்டுத் தொங்கினாலும் ஆடாத அடிப்பலகை. நான் முதலில் வாங்கியது 45 செ.மீ. இருந்தது. ஒருமுறை ஆடியது, அவ்வளவுதான், அதன் பக்கம் அவன் போகவே இல்லை. புதிய தூணைச் சோபாவின் சிதைந்த மூலைக்கு ஒட்டியே நிறுத்துங்கள். சோபா மூலையில் இருபக்கமும் ஒட்டும் நாடாவை ஒட்டுங்கள். பாதத்தில் பிசுபிசுப்பது பூனைக்குப் பிடிக்காது. தூங்கி எழுந்த உடனே சோம்பல் முறித்துப் பிறாண்டும் வழக்கம் உண்டு, அந்த நேரத்தில் தூணைத் தொட்டால் ஒரு துண்டுத் தீனி கொடுங்கள். ஒரு மாதம் கழித்துத் தூணை ஒவ்வொரு சாணாக நகர்த்தலாம்.

தண்ணீர் பீய்ச்சுவதை நானும் செய்தேன். நான் அறையில் இருந்தால் சோபாவைத் தொடக் கூடாது என்பதை நன்றாகக் கற்றுக்கொண்டான். நான் குளிக்கப்போனதும் சோபா கிழியும் சத்தம் வரும். அறுவை சிகிச்சை செய்து நகத்தையே எடுத்துவிடுவது என்று ஒன்று உண்டு. பெயர்தான் நகம், வெட்டுவது ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பை. அந்தப் பேச்சே வேண்டாம்.

நகம் வெட்டுவதற்கு அவசரப்படாதீர்கள். முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நாலு, மொத்தம் 18. ஒரே உட்காரலில் பதினெட்டையும் முடிப்பேன் என்று கிளம்பியவர்களின் கையைப் பார்த்திருக்கிறேன். அரைத் தூக்கத்தில் இருக்கும்போது ஒரு விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். இளஞ்சிவப்பாகத் தெரியும் உயிர்ப்பகுதியைத் தொடாமல் வெள்ளை நுனியை மட்டும் வெட்டுங்கள். இரண்டு நகம் போதும். மிச்சம் நாளைக்கு.

தொடுவது

வயிற்றைக் காட்டிக்கொண்டு புரண்டால் ‘உன்னிடம் எனக்குப் பயமில்லை’ என்று அர்த்தம். தடவு என்று அர்த்தமில்லை. விரலை மூக்குக்கு எதிரே நீட்டுங்கள், வந்து உரசினால் கன்னம், முகவாய், காதடி. மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். மறுபடி முட்டினால் தொடருங்கள். வால் நுனி படபடவென்று அடித்தாலோ, முதுகுத் தோல் அலை மாதிரி ஓடினாலோ, காது பக்கவாட்டில் திரும்பினாலோ நிறுத்தும் நேரம் வந்துவிட்டது. ‘திடீரென்று கடித்துவிட்டது’ என்பார்கள். திடீரென்று அனேகமாகக் கடிக்காது. நாம்தான் வாலைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்திருப்போம்.

தூரத்தில் இருந்தபடியே கொஞ்ச வேண்டுமானால் பார்வையைச் சற்றுத் தளர்த்தி, மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். 2020இல் வெளியான சசெக்ஸ் ஆய்வில், உரிமையாளர் இப்படிச் செய்தபோது பூனைகளும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கின. என் வீட்டில் இது அம்மாவுக்குக் கைவந்த கலை. மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அவள் முகமே அப்படித்தான் இருக்கும்.

அடம் இல்லாத கத்தல்

நோட்டின் இன்னொரு பலன் என்றேன் இல்லையா. அப்போது குண்டூசிக்கு மூன்று வயது. மணல் தட்டுக்குப் போனான், குந்தினான், கத்தினான், வந்தான். பத்து நிமிடத்தில் மறுபடி. முந்தின நாள்தான் வேறு வகை மணலுக்கு மாற்றியிருந்தேன். சரி, புது மணலுக்கு எதிர்ப்புத் தெரிவிக்கிறான், கண்டுகொள்ளக் கூடாது என்று முடிவு செய்தேன். அப்போதுதான் ‘கண்டுகொள்ளாமை’யில் எனக்குக் கர்வம் வந்திருந்த நேரம். மாலையில் நோட்டில் எழுத உட்கார்ந்தபோது ஒரே பக்கத்தில் ‘தட்டு’ என்று பதினொரு தடவை வந்திருந்தது. போய்ப் பார்த்தேன். மணல் முழுக்கக் காய்ந்திருந்தது. ஒரு சொட்டுகூட இல்லை.

சிறுநீர்ப் பாதை அடைத்திருந்தது. அன்று இரவே மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துக் குழாய் செருகி அடைப்பை எடுத்தார். மூன்று நாள் அங்கேயே இருந்தான். காலைவரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்க்குழாய் குறுகல். முழுக்க அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். முக்குகிறது, சிறுநீர் வரவில்லை என்றால் மணி எத்தனை ஆனாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அதற்குப் பிறகு அவனுக்கு மருத்துவர் சொன்ன ஈரத் தீனியும் சேர்ந்தது. வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் வந்தது. மணல் தட்டு இரண்டு: எத்தனை பூனையோ, அதற்கு மேல் ஒன்று என்பது கணக்கு. தினமும் அள்ளுவேன்.

அதனால், பழகிய அடத்தை மட்டும் கண்டுகொள்ளாமல் விடுங்கள். நோட்டில் இதுவரை இல்லாத ஒன்று வந்தால் அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதான பூனை திடீரென்று இரவில் ஓலமிடத் தொடங்கினால், அல்லது அள்ளி அள்ளித் தின்றும் இளைத்தால், தைராய்டு அதிகமாகச் சுரக்கலாம், ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எப்போதும் சாப்பாடு கேட்கும் பூனை ஒருநாள் முழுக்கக் கேட்கவில்லை என்றால், அந்த அமைதிக்காகச் சந்தோஷப்படாதீர்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதையே கெடுத்துவிடும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

வீட்டு மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். லில்லிப் பூக்கள் வீட்டுக்குள் வரவே கூடாது. மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். வெங்காயம், பூண்டு, அந்துருண்டை, நாய்க்கான உண்ணி மருந்து இவையும் அந்தப் பட்டியலில் உண்டு. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், விழுங்கியதும் ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக மெல்ல விடுங்கள், அல்லது ஒரு வாய் ஈரத் தீனி கொடுங்கள். சில மாத்திரைகள் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும்.

தூக்கிப்போகும் கூடையை மருத்துவரிடம் போகும் அன்றைக்கு மட்டும் பரணிலிருந்து இறக்காதீர்கள். வருடம் முழுக்கத் திறந்தபடி கூடத்தில் கிடக்கட்டும். உள்ளே பழைய துண்டு, எப்போதாவது ஒரு துண்டுத் தீனி. அந்த மூன்று நாளுக்குப் பிறகு குண்டூசி ஒரு மாதம் அதன் பக்கமே போகவில்லை. இப்போது மதியத் தூக்கம் அதற்குள்தான்.

இதை எழுதி முடிக்கும்போது மணி இரவு 9.50. அட்டைப்பெட்டியில் இருந்தவன் எழுந்து, முதுகை வளைத்து, தாளின் விளிம்புவரை வந்து நிற்கிறான். கால் வைக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், காது மட்டும் திரும்பியது. பூனைகளுக்குத் தங்கள் பெயர் தெரியும் என்று 2019இல் ஜப்பானில் அட்சுகோ சைட்டோவின் குழு சோதித்துக் காட்டியிருக்கிறது, வருவதும் வராததும் வேறு விஷயம். பத்து மணிக்குள் இறகுக் கோலைத் தேடி எடுக்க வேண்டும். நேற்றுப் பூட்ட மறந்துவிட்டேன், பீரோவுக்கு அடியில்தான் எங்கோ இழுத்துப் போட்டிருப்பான். கூடத்தில் அம்மா எண்ணத் தொடங்கிவிட்டாள்.